வீடு விற்க மாதம் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு விற்க நினைப்பவர்கள் பலர் ‘தை பிறக்கட்டும்’ என்று காத்திருக்கிறார்கள். மார்கழியில் பத்திரம் முடிக்கத் தயங்கியவர்கள் தையில் வாங்க வருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் விற்பவர் தையில்தான் காகிதங்களையே தேடத் தொடங்குகிறார். ஆள் வந்து பார்த்து, விலை படிந்து, அட்வான்ஸ் வாங்கி, வக்கீல் பத்திரங்களைச் சரிபார்த்து, வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்க மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். தையில் போர்டு மாட்டிய வீடு சித்திரை, வைகாசியில்தான் பதிவாகும். எந்த மாதம் பதிவு நடக்க வேண்டுமோ அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

தையில் பதிவு வேண்டுமென்றால் ஆவணி முடிவதற்குள் காகித வேலை தொடங்கியிருக்க வேண்டும். சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போடுங்கள். பட்டா இன்னும் மறைந்த அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் என்று வாரங்கள் போகும். வீட்டுக் கடனை அடைத்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதோடு அடமான ரத்தும் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏற வேண்டும். குடியிருப்பவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் கார்த்திகையில் காலி செய்யச் சொல்லிப் பயனில்லை, மே மாதத்தைக் குறித்துப் பேசுங்கள்.

ஆடியில் போர்டைக் கழற்றி வைப்பது அடுத்த தவறு. ஆடியில் அட்வான்ஸ் கொடுக்காதவர்களும் வீடு பார்க்க வருவார்கள். ஆவணி போனால் புரட்டாசி, அதிலும் பலர் தயங்குவார்கள். ஆவணியில் கையெழுத்தாக வேண்டிய பேச்சு ஆடியிலேயே முடிந்திருக்க வேண்டும். முகூர்த்த நாளில் பதிவு அலுவலக டோக்கன் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அதையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தை ஒரேயடியாக ஒதுக்குவதும் சரியல்ல. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வாங்குபவர்கள் முதலில் கேட்பது ‘தண்ணி நிக்குமா?’ என்பதைத்தான். உங்கள் தெருவில் நிற்காது என்றால் ஐப்பசி மழையிலேயே கூட்டி வந்து காட்டுங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நிற்கும் என்றால் எவ்வளவு உயரம் என்று மறைக்காமல் சொல்லி, விலையில் தீர்த்துக்கொள்வதே நியாயம். மொட்டை மாடிக் கசிவை வெயில் காலத்தில் சரிசெய்யாமல், ஈரச் சுவர்மேல் பெயிண்ட் அடித்தால் சில வாரத்தில் அது உப்பிக்கொண்டு உரியும்.

நல்ல விலைக்காகக் காத்திருப்பவர்கள் காத்திருப்பின் செலவைக் கணக்கிடுவதில்லை. 40 லட்சம் கடன் பாக்கிக்கு 9% வட்டி என்றால் மாதம் 30,000 ரூபாய், ஆறு மாதத்தில் 1.8 லட்சம். காலி வீட்டின் பராமரிப்புக் கட்டணம் தனி. அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியாதபோது காத்திருக்காதீர்கள்.

பெரிய தொகை கைவிட்டுப் போவது வரியில்தான். வாங்கி 24 மாதம் தாண்டாமல் விற்றால் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்துக்கே போகும். தாண்டிவிட்டால் 12.5%. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் வாங்கிய விலையில் பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20% கணக்கும் போட்டுப் பார்த்து, குறைந்த வரியைக் கட்டலாம். சில வாரத்துக்காக 24 மாத எல்லையைத் தவறவிடாதீர்கள்.

மார்ச் கடைசியா, ஏப்ரல் முதல் வாரமா என்பதும் முக்கியம். மார்ச்சில் விற்றால் அதே ஆண்டு ஜூலை 31க்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல். 24 மாதம் தாண்டி விற்ற லாபத்தை வேறு வீட்டில் போட்டால் வரிவிலக்கு உண்டு; அதற்குள் போடாத லாபத்தை, அந்த விலக்கு வேண்டுமானால், இதற்கென்றே வங்கியில் திறக்கும் மூலதன ஆதாயக் கணக்கில் கட்டியாக வேண்டும். ஏப்ரலில் விற்றால் அது புது நிதியாண்டு என்பதால் அந்தக் கெடு அடுத்த ஆண்டு ஜூலைக்குப் போகிறது. வேறு வீடு வாங்க 2 ஆண்டு, கட்ட 3 ஆண்டு என்பது மட்டும் விற்ற நாளிலிருந்தே ஓடும். முழுப் பணமும் வாங்கிச் சாவியையும் மார்ச்சில் கொடுத்துவிட்டுப் பதிவை மட்டும் ஏப்ரலுக்குத் தள்ளினால், வருமான வரித் துறை மார்ச்சிலேயே விற்றதாகக் கொள்ளக்கூடும். சாவியும் ஏப்ரலில் போகட்டும்.