பழைய வண்டியில் தண்ணீரும் துருவும்: தகட்டில் கை வைப்பதற்கு முன்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கடற்காற்று கிடையாது. இங்கேயே ஓடிய மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், ஜீப் எல்லாம் பெரும்பாலும் உப்பால் அரிபடுவதில்லை. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கித்தான் அரிக்கிறது. டிங்கரிங் முடித்து பெயின்ட் அடித்த வண்டி, அடுத்த ஐப்பசி மழைக்குள் அதே இடத்தில் மறுபடி கொப்பளித்தால், துருவை மட்டும் பார்த்துவிட்டுக் கசிவை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் வந்திருப்பது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். மழையே இல்லாமல் இடதுபக்க முன்சீட்டின் காலடி நனைகிறதா? பெரும்பாலும் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கும். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் சின்ன ரப்பர் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும். வாயில் இறுகிய தூசியை மெல்லிய கம்பியால் பதமாகக் குத்தி எடுத்தால் போதும். கம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் விட்டால் உள்ளே குழாய் கழன்று வேலை இரட்டிப்பாகும். தண்ணீர் வழவழப்பாக, இனிப்பு வாடையோடு இருந்து, முன்கண்ணாடியின் உட்பக்கம் பிசுபிசுப்பாகப் படிந்தால் அது கூலன்ட். ஹீட்டர் கசிகிறது, அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். மழையிலும் வாட்டர் வாஷிலும் மட்டும் நனைந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

சீட்டைக் கழற்றிக் கம்பளத்தை முழுதாக வெளியே எடுங்கள். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். அடியிலுள்ள ஃபெல்ட் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போடுங்கள். வெறும் தகட்டைத் துடைத்து, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் தோட்டத்து ஹோஸால் வெளியே தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போக வேண்டும் என்பதுதான் முக்கியம்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கண்ணாடியின் கீழ் ஓரம், கடைசியில் கூரை. ஓரிடத்துக்கு ஐந்து நிமிஷம். கூரையில் ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வேண்டாம். அது நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே அடிக்கும். பவுடரில் விழும் கோட்டைப் பின்தொடர்ந்து மேலே போங்கள். தண்ணீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

இந்த ஊர்களில் முதல் சந்தேகம் வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை மூடி மீதுதான் வர வேண்டும். புளியமரத்தடியில் நிற்கும் வண்டியில் அந்தப் பொடி இலை எந்தச் சல்லடையிலும் நிற்காது, நேராக உள்ளே இறங்கிவிடும். மாந்தோப்பு ஓரமென்றால் பூக்கும் காலத்தில் பூ, கிரானைட் குவாரிப் பக்கமென்றால் கல் தூசி. எல்லாம் சேர்ந்து மண்ணாகி, இரு ஓரத்திலும் உள்ள வடிதுளைகளை அடைத்துவிடும். தண்ணீர் தொட்டி போல நிரம்பி, காற்று வரும் வழியாகக் காலடியில் கொட்டும். வைப்பர் கையைக் கழற்றி மூடியை எடுத்து, குப்பையைக் கையால் அள்ளிவிட்டு, ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் உடனே வடிய வேண்டும். புளியிலைக் காலத்தில் மாதம் ஒருமுறை இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கதவு விஷயத்தில் பலரும் தவறான இடத்தில் பணம் செலவழிக்கிறார்கள். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. அடியிலுள்ள துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும், அவ்வளவுதான். துளை அடைத்தால் கதவின் அடி மடிப்பு அரிக்கும். ஸ்பீக்கர் மாட்டும்போது உட்பக்க பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்திருந்தால் தண்ணீர் கேபினுக்குள் வரும். கனமான பாலித்தீன் ஷீட்டை வெட்டி, கெட்டியாகாத பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்கள். ஷீட்டின் அடி ஓரம் கதவின் உள்ளே போக வேண்டும். கதவு ஓரத்துக்குப் புது ரப்பர் பீடிங் வாங்குவது அதற்குப் பிறகு.

முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் ரப்பரை மாற்றுவதே வழி. ஹார்டுவேர் கடைச் சிலிக்கானைப் பிதுக்கிப் பூசாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். மறைத்த இடத்திலேயே துரு கிளம்பும். கூரை ஓரக் கால்வாயில் சீலர் வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு தகட்டு இணைப்பை அடைக்கும் பாலியூரித்தேன் சீம் சீலர் போடுங்கள். பின்விளக்கு கேஸ்கட், தரையில் காணாமல்போன ரப்பர் மூடிகள், இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கசிவு நின்ற பிறகுதான் துரு. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போகவில்லை என்றால் மேல்துரு: ஒயர் பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 180. தின்னரால் துடைத்து, குழியில் மிச்சமிருக்கும் துருவுக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை அரிக்காத படலமாக மாற்றும் திரவம்) மெல்லிசாக ஒரு கோட். டப்பாவில் போட்ட நேரம் காயவிட்டு எபாக்சி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் பெயின்ட். வெறும் ரெட் ஆக்சைடோடு நிறுத்தினால் ஈரம் ஊடுருவும். பட்டியும் தண்ணீரை உறிஞ்சும். அதனால் பட்டி எபாக்சிக்கு மேலே வர வேண்டும், துருவுக்கு மேலே அல்ல.

முனை உள்ளே போய்விட்டால் நல்ல தகடு வரும்வரை வெட்டியாக வேண்டும். 20 அல்லது 22 கேஜ் சிஆர் ஷீட் (பூச்சில்லாத இரும்புத் தகடு) வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட்டை வெல்டு வைத்தால் துத்தநாகப் புகை வரும், அது மூச்சுக்குக் கெடுதல். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்பளம், ஒயர், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் விலக்கிய பிறகே தீ. சிஓ2 வெல்டிங்கில் மாற்றி மாற்றி இடம்விட்டுப் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒரே இழுப்பில் போனால் தகடு நெளியும். சாதாரண ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டை ஓட்டை போட்டுவிடும். சேஸிஸ், சீட் பெல்ட் போல்ட், சஸ்பென்ஷன் மாட்டும் இடம் அரித்திருந்தால் ரிவெட்டும் ஃபைபரும் வைத்து ஒப்பேற்றவே கூடாது. அங்கே செலவு வண்டியின் விலையைத் தாண்டினால் வண்டியை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

கதவுக்குக் கீழே போகும் பெட்டிப் பகுதிக்குள் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. துருவைத் தள்ளிப்போடும், உண்மைதான். ஆனால் புஷ், ரப்பர் எல்லாம் ஊறிக் கெடும், மண்ணிலும் சொட்டும். நீளக் குழாய் வைத்த கேவிட்டி வாக்ஸ் (உட்குழிவில் அடிக்கும் மெழுகு) ஸ்பிரே போதும். அடிப்பக்கத் தார்ப் பூச்சைத் துருவின் மேல் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடிக்கும்போது வடிதுளைகளில் தீக்குச்சி சொருகி வைத்து, காய்வதற்குள் உருவிவிடுங்கள்.

பாலக்கோடு, இராயக்கோட்டை தக்காளி ஏற்றும் பிக்கப்புகளுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. நசுங்கிய தக்காளிச் சாறு புளிப்பானது. பெயின்ட் உரிந்த தகட்டில் பட்டால் வேகமாக அரிக்கும். லோடு இறக்கிய அன்றே பாடியைக் கழுவி, பின்கதவைத் திறந்து மூலைகள் காயும்வரை வையுங்கள். பாடித் தரையில் விரித்த ரப்பர் ஷீட்டையும் தூக்கிக் கழுவ வேண்டும்.