ரியாலிட்டி ஷோ பார்த்துட்டு ஒருத்தரப் பத்தி கருத்து சொல்றதுக்கு முன்னாடி

முன்பின் தெரியாத ஆளுங்கள ஒரே வீட்ல அடைச்சா யாரு யாரோட கூட்டு சேருவாங்க, யாரு காலை வாருவாங்கன்னு பாக்குற ஆர்வம் எல்லாருக்குமே உண்டு, 1999ல நெதர்லாந்துல ஆரம்பிச்ச பிக் பிரதர் ஷோ நாடு நாடா பரவுனதுக்கும் அதான் காரணம், அதனால பாக்குறதுல எந்த தப்பும் இல்ல. ஆனா பாத்த கையோட ஒருத்தர கெட்டவர்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி சிலத கவனிங்க.

முதல்ல, ப்ரோமோவ நம்பி எதுவும் எழுதாதீங்க. எபிசோடு வர்ற வரைக்கும் பொறுங்க, பாதி சண்டை அதுல இருக்கவே இருக்காது.

அடுத்தது எடிட்டிங், இங்கதான் ரொம்ப உஷாரா இருக்கணும். நாள் பூரா பல கேமரால எடுத்தத ஒரு மணி நேரமா சுருக்குறாங்க, அப்போ எத விட்டாங்கங்கறதுதான் பெரிய விஷயம். ஒருத்தர் பேசுறது கேக்குது ஆனா அவர் வாய் தெரியல, கேமரா வேற யாரோ மூஞ்சிக்கு போயிடுச்சுன்னா அந்த இடத்த திரும்ப போட்டு கேளுங்க, நடுவுல குரலோட ஏத்த இறக்கம் பொருந்தாம இருந்தா வேற வேற நேரத்துல பேசுனத ஒட்டி இருக்க வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி முறைக்கிற ஷாட் வந்தா அவங்க டிரஸ், முடி, பின்னாடி இருக்க வெளிச்சம் எல்லாம் முந்தின ஷாட்டோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. மியூட் போட்டும் ஒரு தடவ பாருங்க, மியூசிக் இல்லன்னா பாதி "வில்லத்தனம்" காணாமப் போயிடும். கன்ஃபெஷன் ரூம்ல தனியா பேசும்போது பதில் மட்டும்தான் நமக்கு வருது, கேள்விய வெட்டிருப்பாங்க, "அவங்கள உங்களுக்கு பிடிக்கலையா"ன்னு நாலு தடவ கேட்டா யாரா இருந்தாலும் ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க.

ஓட்டு முறையையும் பாருங்க. வெளிய அனுப்ப ஓட்டு போடுற ஷோல அதிகம் பேருக்கு பிடிக்காதவங்க சீக்கிரம் கிளம்பிடுவாங்க, காப்பாத்த ஓட்டு போடுற ஷோல ஊரே திட்டுனாலும் வெறித்தனமான ஃபேன்ஸ் கொஞ்சம் பேர் இருந்தா கடைசி வரைக்கும் நிப்பாங்க, அத மக்கள் தீர்ப்புன்னு சொல்றது எனக்கு சரியா படல.

வரம்பு மீறுதுன்னு தோணுச்சுன்னா யார திட்டணும்னு யோசிங்க. போன் கிடையாது, வீட்டு ஆளுங்களோட பேச முடியாது, சரியா தூங்க விடல, சில ஷோல சரக்கு வேற தாராளமா குடுப்பாங்க, இப்படி வச்சா யாருக்குமே கோவம் வரும், அந்த சூழல உருவாக்குனது ஷோ நடத்துறவங்க. கேள்வி அவங்கள நோக்கி போகணும். 2019ல பிரிட்டன்ல சொந்த வாழ்க்கை சண்டைய மேடைல பேச வைக்கிற தி ஜெரமி கைல் ஷோல கலந்துகிட்ட ஒருத்தர் இறந்த பிறகு ஐடிவி சேனல் அந்த ஷோவையே நிறுத்துச்சு, 2021ல அங்க டிவி கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் பங்கேற்பாளர்கள் நலனுக்கு புது விதி கொண்டு வந்துச்சு, அழுத்தம் குடுத்தா மாறும்.

எழுதும்போது செஞ்ச காரியத்த விமர்சனம் பண்ணுங்க, ஆள் உருவத்த, குடும்பத்த, குழந்தைங்கள இழுக்காதீங்க, அவங்க பக்கத்த டேக் பண்ணவும் வேணாம். ஒரு காட்சி கேவலமா இருக்குன்னு சொல்ல அந்த கிளிப்பயே ஷேர் பண்ணா வியூஸ் ஷோ நடத்துறவங்களுக்குதான் ஏறும், அதனால என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரில எழுதிட்டு லிங்க் இல்லாம போடுங்க.