ஃபொக் லைட் மங்கலா? பல்ப் வாங்குவதற்கு முன் எர்த் வயரைப் பாருங்கள்

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு, விடியப்புறம் ஐந்து மணிக்குத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வெளிக்கிடுபவர்களுக்கு இது பழகிய காட்சி. தம்பலகாமச் சந்தியை அண்டியதும் வயலிலிருந்து பனி எழும்பி ஏ6 வீதியை மூடிக்கொள்ளும். ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சீலை கட்டினது போல ஆகிவிடும். டிம் பண்ணி ஃபொக் லைட்டைப் போட்டால், அது எரிகிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கும். கந்தளாய் போய்ச் சேர்வதற்குள் லைட் இல்லாத இரண்டு சைக்கிள், வீதியில் படுத்திருக்கும் ஒரு மாடு. அன்று பின்னேரமே கடைக்குப் போய், பெட்டியில் இருபதாயிரம் லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று அடித்திருக்கும் எல்ஈடி சோடி ஒன்றை வாங்கி வந்துவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ஃபொக் லைட் தூரத்தைக் காட்டச் செய்த விளக்கு அல்ல. பம்பருக்குக் கீழே இருந்து, அகலமாக, நிலத்தோடு ஒட்டி அடிப்பதுதான் அதன் வேலை. வீதியின் ஓரக் கோடும் பக்கத்தில் நடப்பவரின் காலும் தெரிந்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது. ஹபரணைக் காட்டில் யானை தூரத்திலேயே தெரிய வேண்டும் என்றால் ஹெட் லைட்டைத்தான் திருத்த வேண்டும். ஃபொக் லைட்டைக் கூட்டினால் காருக்கு முன்னால் உள்ள சில அடி நிலம் பளீரென்று ஆகும்; கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும்.

சரி, அந்த வேலைக்கே வெளிச்சம் போதவில்லை என்றால்? முதலில் இருப்பது ஏன் மங்கியது என்று பாருங்கள். நம் ஊரில் இதற்கு உப்புக்காற்று ஒரு பெரிய காரணம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிற்கும் கார் என்றால் சொல்லவே வேண்டாம். என் காரில் ஒருமுறை பம்பரின் உள் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் வயர் காரின் உலோக பொடியோடு (உடலோடு) சேரும் வளையத்தில் பச்சை நிறத்தில் பூத்துப்போயிருந்தது. எஞ்சின் ஓட, விளக்கு எரிய, மல்டிமீட்டரை பல்ப் ஹோல்டரில் வைத்தால் 11 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். பேட்டரியிலோ 13.8. வளையத்தைக் கழற்றி, உப்புத்தாளால் பித்தளை நிறம் வரும்வரை தேய்த்து, கிரீஸ் பூசி இறுக்கினேன். பத்து நிமிட வேலை. அதே பழைய பல்ப் வேறு பல்ப் போல எரிந்தது.

இதற்குக் காரணம் உண்டு. ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் நிறையக் குறைந்துவிடும். 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 12 கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். அதோடு விளக்கின் முகப்பு மஞ்சளித்து, மணல் பட்டுச் சொரசொரத்துப் போயிருந்தால் எந்த பல்ப் போட்டும் பயனில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் மங்கல் என்றால், உள்ளே இருக்கும் பல்பின் எண்ணைப் பாருங்கள். நம்மிடம் ஓடும் யப்பான் கார்கள் பலவற்றில் எச்16 என்ற 19 வாட் பல்ப் இருக்கிறது. அதன் வெளிச்சம் ஏறக்குறைய 500 லூமன்தான். 35 வாட் எச்8 என்றால் 800, 55 வாட் எச்11 என்றால் 1,350. மூன்றின் அடிப்பாகமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி; அதில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைக் கொஞ்சம் சீவினால் எச்11 உள்ளே போய்விடும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். 19 வாட் சூட்டுக்குச் செய்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் 55 வாட் போனால் என்ன நடக்கும் என்பதை ஒரு பழைய காரில் பார்த்தேன்: முகப்பின் நடுவில் கொப்புளம், சுற்றிலும் பழுப்பு, பின்னால் ஹோல்டர் கையில் உதிர்ந்தது.

வாட்டைக் கூட்டியதும் பியூஸ் போகும். உடனே பெரிய பியூஸ் போடுவார்கள். இதைவிட ஆபத்தான வேலை இல்லை. 100 வாட் பல்ப் இரண்டு ஏறக்குறைய 17 ஆம்பியர் இழுக்கும். பியூஸ் காப்பாற்றுவது வயரை. அது போகாவிட்டால் வயர்தான் எரியும்.

அப்புறம் எல்ஈடி. கம்பெனியே எல்ஈடி விளக்கு பூட்டிய காரைப் பற்றி நான் சொல்லவில்லை. ஹாலஜன் கூட்டுக்குள் எல்ஈடி பல்பைச் செருகுவதுதான் சிக்கல். ஹாலஜனில் வெளிச்சம் சில மில்லிமீட்டர் நீளமான ஒரு சுருள் கம்பியிலிருந்து வருகிறது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் கிண்ணம் அந்தக் கம்பி இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே வளைக்கப்பட்டது. எல்ஈடியில் தட்டையான பட்டியின் இரு பக்கமும் புள்ளிகள். கிண்ணத்துக்கு அது பொருந்தாமல் வெளிச்சம் மேலே சிதறும். பனியில் அந்தச் சிதறல் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே கிண்ணியாப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கோ, மழைநாளில் சில நொடி ஒன்றுமே தெரியாது. பல்பின் பின்னால் உள்ள விசிறிக்கு இடம் போதாமல் ரப்பர் மூடியைத் திறந்தபடி விட்டால் முதல் மழைக்கே உள்ளே தண்ணீர் நிற்கும்.

உண்மையாகவே கூட்ட வேண்டும் என்றால் பல்பை விட்டுவிட்டு விளக்கையே முழுதாக மாற்றுங்கள். முகப்பில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் எண்ணும், பக்கத்தில் ‘பி’ அல்லது ‘எஃப்3’ என்ற அடையாளமும் இருந்தால் அது ஃபொக் லைட்டாகவே சோதித்த சாமான். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், ஒரு ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்). பழைய சுவிட்ச் வயர் ரிலேயை இயக்கினால் போதும்.

நிறத்தைப் பற்றி நீண்ட வாதம் உண்டு. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது சரியல்ல. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது. எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிச் சிதறடிக்கும். ஆனால் மஞ்சளில் நீலம் குறைவதால் கண் கூச்சம் குறையும். பிரான்சில் 1993 வரை ஹெட் லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. நானும் 3,000 கெல்வின் (ஒளியின் நிற அளவு) மஞ்சளையே விரும்புவேன். நீலம் பாயும் 6,000 கெல்வின் பனிக்கு வேண்டவே வேண்டாம்.

பூட்டி முடித்த பிறகு பெரும்பாலானவர்கள் விடும் வேலை, உயரம் பார்ப்பது. சமதரையில் சுவருக்கு 25 அடி தள்ளிக் காரை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுபவரும் உள்ளே இருக்கட்டும். விளக்கின் நடுப்பகுதி நிலத்திலிருந்து எவ்வளவு உயரமோ, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு. அதற்கு 4 அங்குலம் கீழே இன்னொரு கோடு. வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் விழ வேண்டும். விளிம்பே தெரியாமல் சுவர் முழுக்கப் பரவுகிறது என்றால் உயரம் மாற்றும் திருகாணியைத் திருப்பிப் பயனில்லை. அந்த பல்பைக் கழற்றிக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.