நாய்க்குப் பூஞ்சை மாத்திரை: பக்கவிளைவை வீட்டிலேயே கவனிப்பது எப்படி?

எங்கள் நாய்க்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கொடுத்த நாட்களில் பழகிக்கொண்ட முறை இது. அதே வகை மருந்துகளான கீட்டோகோனசோல், ஃப்ளூகோனசோலுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுத்து ஈரல் என்சைம்களைப் பார்த்துவிடுங்கள். தொடக்க அளவு கையில் இல்லையென்றால், பின்னால் ஏஎல்டி (ALT, அந்த ஈரல் என்சைம்களில் ஒன்று) கூடியிருக்கிறதா என்று சொல்வது கடினம். நீண்ட சிகிச்சை என்றால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை மறுபரிசோதனை இருக்கும்.

படி 2: இட்ராகோனசோல் கேப்சூல் என்றால் சாப்பாட்டோடு, திரவ மருந்து என்றால் வெறும் வயிற்றில். வாந்தி வருகிறதே என்று நீங்களாக அமிலக்குறைப்பு மருந்து கொடுக்காதீர்கள்; வயிற்றில் அமிலம் குறைந்தால் கேப்சூல் சரியாக உடம்பில் சேராது.

படி 3: இங்கேதான் குழப்பமே. சாப்பாடு குறைவது வயிற்று எரிச்சலாலும் இருக்கலாம், ஈரல் பாதிப்பாலும் இருக்கலாம். மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்துவிட்டு, அடுத்த வேளைக்குத் தட்டை நக்கிக் காலி செய்தால் வயிற்றுக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். நாளுக்கு நாள் மிச்சம் கூடிக்கொண்டே போய், சோர்ந்தும் படுத்தால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. 'கொஞ்சமாகத்தான் சாப்பிட்டது' என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. வைக்கும் உணவையும் மிச்சத்தையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். இதற்குச் செயலி எல்லாம் வேண்டாம், ஒரு நோட்டுப் போதும்.

அப்புறம் மஞ்சள் காமாலை, அதாவது ஈரல் பாதிப்பால் உடம்பு மஞ்சளாவது. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பல்பு வெளிச்சம் ஏமாற்றும். ஈறு கறுப்பான நாய்க்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியையும் காது மடலின் உட்புறத்தையும் பார்க்கலாம். மஞ்சள் தெரிந்தாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

படி 4: தோல். இட்ராகோனசோல் அளவு அதிகமாகும்போது சில நாய்களுக்கு ரத்தக்குழாய் அழற்சியால் புண் வரும், கால் வீங்கும். பூஞ்சைதான் பரவுகிறது என்று நினைத்து மருந்தைத் தொடர்வது ஆபத்து. கீட்டோகோனசோலில் முடி வெளிறுவதற்குப் பயப்பட வேண்டாம்.

பின்சேர்ப்பு: உண்ணி, சொறிக்கு ஐவர்மெக்டினும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கீட்டோகோனசோல் அதை உடம்பில் தேங்க வைக்கும். தள்ளாட்டம், எச்சில் வடிதல், கண்மணி விரிதல் வரலாம். எந்த மருந்து ஓடிக்கொண்டிருந்தாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.