ஷாட்னெஸ்: காரணம் சொல்லாத கட்டளையில் வழக்கமாக நேரும் தவறுகள்

ஆட்டுக் கம்பளியும் லினனும் கலந்த உடையை மார்க்கம் கடைப்பிடிக்கும் யூதர்கள் அணிவதில்லை. ஷாட்னெஸ் என்பது இந்தக் கலவையின் பெயர். யூத வேதத்தில் லேவியராகமம் 19:19, உபாகமம் 22:11 இரண்டும் இதைத் தடுக்கின்றன. ஏன் என்று இரண்டுமே சொல்லவில்லை. இப்படிக் காரணம் சொல்லாத கட்டளைகளுக்கு ஹுக்கிம் என்று பெயர். கொலை, திருட்டு பற்றியவை மிஷ்பாதிம். அவற்றுக்கு அறிவே சாட்சி. யூத நெறி முழுவதும் கேள்வி கேட்காத கீழ்ப்படிதல் என்பவர்கள் இந்தப் பிரிவைக் கவனிப்பதில்லை.

நாமாக ஒரு காரணத்தை ஒட்டவைப்பது இன்னும் பெரிய தவறு. கலவைத் துணி உடம்புக்குக் கெடுதல் என்பார்கள். ஆனால் தலைமை ஆசாரியரின் ஆடையில் இதே கலவை கட்டளைப்படியே இருந்தது! யூதர்களுக்குப் பன்றி இறைச்சியும் தடை. அதற்குப் புழுவைக் காரணம் காட்டினால், நன்றாக வேகவைத்ததும் தடை நீங்கியிருக்க வேண்டும். பழைய ரபிகளின் (யூத மத ஆசான்களின்) வாக்கு ஒன்றை 11-ஆம் நூற்றாண்டின் வேத உரையாசிரியர் ரஷி எடுத்துத் தருகிறார்: பன்றி இறைச்சி அருவருப்பு என்றோ கலவைத் துணி வேண்டாம் என்றோ சொல்லாதே, எனக்கு ஆசைதான், என்ன செய்வது, பரலோகப் பிதா விதித்துவிட்டாரே என்று சொல்.

அதற்காகக் காரணத்தை யோசிப்பதே குற்றம் என்றில்லை. விக்கிரகப் பூசாரிகள் இப்படி உடுத்தியதே காரணம் என்று 12-ஆம் நூற்றாண்டில் யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். காரணம் புரிந்தால்தான் கடைப்பிடிப்பேன் என்று அவர் நிபந்தனை போடவில்லை.

நடைமுறையில் ஏமாற்றுவது லேபிள். '100% கம்பளி' என்பது பெரும்பாலும் மேல்துணியைப் பற்றியது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் துணியிலும் தோள் பஞ்சிலும் லினன் ஒளிந்திருக்கலாம். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. பரிசோதகர் தையலைச் சற்றுப் பிரித்து, பல இடங்களிலிருந்து இழை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்: லினனில் மூங்கில்போலக் கணுக்கள், கம்பளியில் செதில்கள்.

உணவில் தடைசெய்த பொருள் 60-இல் ஒரு பங்கு தவறிக் கலந்தால் பெரும்பாலும் அந்த உணவை உண்ணலாம். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. கம்பளிக் கோட்டில் ஒரே ஒரு லினன் இழை இருந்தாலும் முழுக் கோட்டும் அணியக் கூடாததாகிவிடும். மறுபக்கம், தேவையில்லாமல் பயப்படுபவர்களும் உண்டு. பருத்தியோடு கம்பளியோ லினனோ சேரலாம். லினன் சட்டைமேல் கம்பளிக் கோட்டும் போடலாம். ஒன்றைக் கழற்றாமல் மற்றதைக் கழற்ற முடிய வேண்டும், அவ்வளவுதான்.

லினன் அகப்பட்டால் தையல்காரர் அந்தப் பாகத்தை எடுத்துவிட்டு வேறு துணி வைப்பார். பொத்தானை அவர் எந்த நூலில் தைக்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பளிக் கோட்டில் லினன் நூல் ஏறினால் மறுபடியும் ஷாட்னெஸ்தான்.