பச்சையை நம்பி ரிலீஸ் செய்பவர்களுக்காக: பிரவுசர் டெஸ்ட் முடிவுகளைப் பதிவேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவில் ஓடிய பிரவுசர் டெஸ்ட்டுகளின் முடிவைக் காலையில் திறந்து பார்ப்பவர், பெரும்பாலும் அந்த டெஸ்ட்டுகளை எழுதியவர் அல்ல. ரிலீஸுக்குச் சம்மதம் சொல்ல வேண்டிய மேலாளராக இருக்கலாம். கையால் சோதிக்க இன்னும் என்ன மிச்சம் என்று தேடும் டெஸ்டராக இருக்கலாம். சில மாதங்கள் கழித்து வரும் தணிக்கையாளராகவும் இருக்கலாம். இவர்கள் யாரும் சிஐ லாகை, அதாவது டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பின் பதிவை, படிக்கப்போவதில்லை. டெஸ்ட் மேனேஜ்மென்ட் கருவிகளான டெஸ்ட்ரெயிலிலோ எக்ஸ்ரேயிலோ தெரிகிற பச்சையும் சிவப்பும்தான் அவர்களுக்குச் சாட்சி. அந்தச் சாட்சியைத் தயாரிக்கும் ஸ்கிரிப்ட்டையோ நாம் ஒரே மாலையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். டெஸ்ட்டுகளை மெனக்கெட்டு எழுதுகிற குழுக்கள்கூட இங்கேதான் சறுக்குகின்றன.

தோல்விக் குறி இல்லையென்றால் பாஸ் என்று எடுத்துக்கொள்வது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது என்பேன். செலினியமோ சைப்ரஸோ பிளேரைட்டோ, பிரவுசரைத் தானாக இயக்கும் எந்தக் கட்டமைப்பில் டெஸ்ட் எழுதியிருந்தாலும் முடிவை ஜேயூனிட் எக்ஸ்எம்எல் கோப்பாக எடுக்க வழி உண்டு. பதிவேற்றும் ஸ்கிரிப்ட்டுகள் பெரும்பாலும் இந்தக் கோப்பைத்தான் படிக்கின்றன. இந்த வடிவத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. பொதுவான நடைமுறை மட்டும் உண்டு: ஒரு டெஸ்ட் கேஸுக்குள் ஃபெயிலியர், எரர், ஸ்கிப்டு என்ற மூன்று குறிகளில் ஒன்று வரலாம், எதுவும் இல்லையென்றால் அது பாஸ்.

அவசரத்தில் எழுதும் ஸ்கிரிப்ட் ஃபெயிலியர் குறியை மட்டும் தேடும். அது இல்லாவிட்டால் பாஸ் என்று அனுப்பிவிடும். நான் இருந்த ஒரு குழுவில் இப்படித்தான் நடந்தது. டெஸ்ட் தொடங்கும் முன் பயனர் கணக்கை உருவாக்கும் செட்டப் பகுதி உடைந்துபோயிருந்தது. அதனால் ஒரு முழுத் தொகுப்பும் எரர் என்று பதிவானது. ஸ்கிரிப்ட்டுக்கு எரர் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு வரிகூட ஓடாத டெஸ்ட்டுகளெல்லாம் பச்சையாக ஏறின. நாள் கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. பச்சையாக இருப்பதை யார் திறந்து பார்ப்பார்கள்?

வெளிப்படையாக பாஸ் என்று தெரிந்ததை மட்டும் பாஸ் என்று அனுப்புங்கள். புரியாத நிலை எதுவாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் சத்தம் போட்டு நிற்கட்டும்.

எரரையும் ஃபெயிலியரையும் ஒரே சிவப்பில் கொட்டுவதும் சரியல்ல. டெஸ்ட் சர்வர் இறங்கிக் கிடந்ததால் 200 டெஸ்ட் விழுந்தால், தயாரிப்பில் 200 பிழை என்று பொருளில்லை. டெஸ்ட்ரெயிலில் இயல்பாகவே ஐந்து நிலைகள் உண்டு: பாஸ்டு, பிளாக்டு, அன்டெஸ்டெட், ரீடெஸ்ட், ஃபெயில்டு. சூழல் கோளாறுக்கு பிளாக்டுதான் நேர்மையான பெயர். ஸ்கிப் ஆனதற்கு நேரான நிலை அந்த ஐந்தில் இல்லை. அன்டெஸ்டெட் என்பதை ஏபிஐ (ஸ்கிரிப்ட் கருவியோடு பேசும் வழி) மூலம் முடிவாக அனுப்பவும் முடியாது. ஸ்கிப்புக்குத் தனி நிலை ஒன்றை நிர்வாகியிடம் சொல்லி உருவாக்கிக்கொள்ளுங்கள், அல்லது அனுப்பாமல் விடுங்கள். எதுவானாலும் பாஸ் ஆக்கிவிடாதீர்கள்.

டெஸ்ட்டின் பெயரையே அடையாளமாக வைப்பது

கோடில் உள்ள டெஸ்ட்டையும் கருவியில் உள்ள டெஸ்ட் கேஸையும் எதை வைத்து இணைக்கிறீர்கள்? பெயரை வைத்து என்றால், ஒருநாள் யாரோ அந்தப் பெயரில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவார். அன்றோடு இணைப்பு அறுந்துவிடும்.

எக்ஸ்ரே ஜேயூனிட் கோப்பை வாங்கும்போது, வேறு குறிப்பு எதுவும் தராவிட்டால் கிளாஸ் பெயரையும் டெஸ்ட் பெயரையும் சேர்த்து அடையாளமாக வைத்துக்கொள்ளும். அந்த அடையாளத்தில் டெஸ்ட் எதுவும் இல்லையென்றால் புதிதாக ஒன்றை ஜிராவில் (எக்ஸ்ரே இயங்கும் பணி, பிழைப் பதிவுக் கருவி) உருவாக்கிவிடும். முதல் நாள் இது வசதியாகத்தான் இருக்கும். பிறகு யாராவது கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு மாற்றும்போது கிளாஸ் பெயரும் மாறினால், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் இரட்டைப் பிறவி உண்டாகும். புதியதற்கு வரலாறு கிடையாது. பழையது தன் கடைசிப் பச்சையோடு உறைந்து நிற்கும். தேவையோடும் பிழையோடும் இணைக்கப்பட்டிருப்பது அந்தப் பழையதுதான். எந்தத் தேவை சோதிக்கப்பட்டது என்று காட்டும் கவரேஜ் அறிக்கை அதைப் பார்த்துத்தான் எல்லாம் நலம் என்று சொல்லும்.

கேஸின் எண்ணை டெஸ்ட்டிலேயே எழுதி வையுங்கள். டேக், அனோட்டேஷன், தலைப்பின் முனையில் ஓர் எண், எது வசதியோ அது. டெஸ்ட்ரெயிலில் இன்னொரு குழி உண்டு. சி (C) என்று தொடங்குவது கேஸின் எண், நிரந்தரமானது. டி (T) என்று தொடங்குவது ஒரு ரன்னுக்குள் (ஒரு தடவை ஓட்டும் கேஸ்களின் தொகுப்புக்குள்) அந்தக் கேஸின் பிரதிக்கான எண். அடுத்த ரன்னில் வேறாகிவிடும். திரையில் பார்த்த டி எண்ணைக் கோடில் எழுதிவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் பலர்.

கடைசியாக வந்தவன் ராஜா

குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் என மூன்று பிரவுசரில் ஒரே டெஸ்ட்டை ஓட்டுகிறீர்கள். மூன்று முடிவையும் ஒரே ரன்னில், ஒரே கேஸுக்கு அனுப்புகிறீர்கள். டெஸ்ட்ரெயில் மூன்றையும் வரலாற்றில் வைத்துக்கொள்ளும். ஆனால் கேஸின் நிலையாகத் தெரிவது கடைசியாக வந்ததுதான். வெப்கிட்டில் விழுந்து, அதற்குப் பின் குரோமியம் பாஸ் ஆகி வந்தால் கேஸ் பச்சை. வரிசை மாறினால் சிவப்பு. எந்த இயந்திரம் வேகமாக ஓடியது என்பதை வைத்து ரிலீஸ் முடிவெடுக்கிற நிலை இது.

இதற்கென்றே டெஸ்ட்ரெயிலில் டெஸ்ட் பிளானும் கான்ஃபிகரேஷனும் இருக்கின்றன. எக்ஸ்ரேயில் டெஸ்ட் என்விரான்மென்ட் இருக்கிறது. பிரவுசருக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்புங்கள்.

ஷார்டிங் செய்கிறவர்களுக்கு இதற்கு நேரெதிரான சிக்கல். நான்கு இயந்திரங்களில் பிரித்து ஓட்டும்போது ஒவ்வொன்றும் தனித்தனி ரன்னைத் திறந்தால், ஒரே இரவுக்கு நான்கு அரைகுறை ரன்கள். ரன்னை முன்பே ஒரு முறை திறந்து, அதன் எண்ணை நான்குக்கும் கொடுக்கலாம். அல்லது எல்லாம் முடிந்தபின் முடிவுகளை ஒன்றாக்கி ஒரே தடவையில் அனுப்பலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், பாதியில் அறுந்தால் திரும்ப அனுப்புவது எளிது என்பதால். சைப்ரஸில் ஒன்றைக் கவனியுங்கள்: டெஸ்ட்டுகள் எழுதப்பட்ட ஒவ்வொரு ஸ்பெக் கோப்புக்கும், முடிவை எழுதும் ரிப்போர்ட்டர் தனியாக ஓடும். ஜேயூனிட் கோப்பின் பெயரில் ஹாஷ் (கோப்புக்குக் கோப்பு மாறும் குறியீடு) சேர்க்காவிட்டால் அடுத்த ஸ்பெக் முந்தையதை அழித்துவிடும். கடைசி ஸ்பெக் மட்டும் கருவிக்குப் போய்ச் சேரும்.

மறுமுயற்சியை மறைப்பது

இரண்டு முறை விழுந்து மூன்றாம் முறை தேறிய டெஸ்ட்டை வெறும் பாஸ் என்று பதிவது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பிளேரைட் இதை ஃபிளேக்கி என்று தனியாகவே வகைப்படுத்துகிறது. கருவிக்கு அனுப்பும்போது அந்த வகையைத் தொலைத்துவிடாதீர்கள். பாஸ் என்றே அனுப்பினாலும், எத்தனையாவது முயற்சியில் தேறியது, முதல் முயற்சியில் என்ன பிழை என்பதைக் கருத்துரையில் எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால்தான் அடிக்கடி தடுமாறும் டெஸ்ட் எது என்று பின்னால் எண்ணிப் பார்க்க முடியும். உண்மையான ரேஸ் கண்டிஷன் பிழைகள் (எது முதலில் முடிகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழைகள்) பல முதலில் இப்படித்தான் தலைகாட்டுகின்றன.

பிளேரைட்டுக்குச் சொந்தமாக ரிப்போர்ட்டர் எழுதுகிறவர்கள், டெஸ்ட் முடியும்போது அழைக்கப்படும் ஃபங்ஷன் ஒவ்வொரு முயற்சிக்கும் அழைக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம். அங்கிருந்தே அனுப்பினால், தேறப்போகும் டெஸ்ட்டுக்கும் முதலில் ஃபெயில் அறிவிப்பு பறக்கும். ரன் முழுதும் முடியும்வரை காத்திருந்து, இறுதி நிலையை எடுத்து அனுப்புங்கள்.

விழுந்த நாளில் அனுப்பாமல் போவது

சிஐ வரிசையாக ஓட்டும் படிகளில், அதாவது பைப்லைனில், டெஸ்ட் படிக்கு அடுத்த படியாகப் பதிவேற்றத்தை வைத்திருப்பீர்கள். டெஸ்ட் விழுந்தால் அந்தப் படி தோல்வியாகும். அடுத்த படி ஓடாது. அதாவது எல்லாம் பாஸ் ஆகும் நாளில் மட்டும் முடிவு ஏறும். டெஸ்ட் விழுந்தாலும் பதிவேற்றம் ஓட, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஆல்வேஸ் நிபந்தனை, ஜென்கின்ஸில் போஸ்ட் பகுதிக்குள் ஆல்வேஸ். ஒரு வரி வேலைதான், செய்துவிடுங்கள்.

டெஸ்ட்ரெயிலில் ரன் உருவாக்கும்போது எல்லாக் கேஸையும் சேர்ப்பதுதான் இயல்பு அமைப்பு. 80 டெஸ்ட் ஓட்டிவிட்டு 900 கேஸ் கொண்ட ரன்னைத் திறந்தால், 820 அன்டெஸ்டெட் என்று நிற்கும். ஓட்டத் திட்டமிட்ட கேஸ்களின் பட்டியலைக் கொடுத்து ரன்னைத் திறங்கள். திட்டமிட்ட பட்டியல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓடி முடிந்தவற்றை மட்டும் வைத்துத் திறந்தால், பாதியில் செத்துப்போன டெஸ்ட்டுகள் இல்லாததுபோலவே ஆகிவிடும். திட்டமிட்டது 80, வந்தது 74 என்றால் மீதி ஆறு அன்டெஸ்டெட்டாகக் கண்ணில் படட்டும்.

சின்னச் சின்னதாகச் சில. பிளேரைட் நேரத்தை மில்லிநொடியில் தரும், ஜேயூனிட் கோப்பில் நொடி. குழப்பினால் 4200 மில்லிநொடி டெஸ்ட் 70 நிமிடம் ஓடியதாகப் பதிவாகும். முடிவுகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் மொத்தமாக அனுப்புங்கள். அளவுக்கு மீறிய கோரிக்கைகள் என்று சொல்லும் 429 பிழை வந்தால் பதிலில் சொன்ன நேரம் காத்திருந்து திரும்ப அனுப்புங்கள். டெவலப்பரின் கிளையில் (அவர் வேலை செய்யும் கோடின் தனிப் பிரதியில்) ஓடும் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஏற்றாதீர்கள். முதன்மைக் கிளையும் ரிலீஸ் கிளையும் போதும். ரன்னின் பெயரில் பில்ட் எண்ணும் சூழலின் பெயரும் இருக்கட்டும்.

முடிவோடு சேர்த்து அனுப்பும் கோப்புகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். ஸ்கிரீன்ஷாட் சரி. டெஸ்ட் ஓடியதை அடிக்கு அடி பதியும் பிளேரைட்டின் டிரேஸ் கோப்பு அப்படியல்ல. அதில் நெட்வொர்க் கோரிக்கைகளும் அவற்றின் ஹெடர்களும் பக்கத்தின் நகல்களும் இருக்கும். உள்நுழைவு டோக்கன் அதற்குள் இருந்தால், டெஸ்ட் மேனேஜ்மென்ட் கருவியைத் திறக்க முடிந்த எல்லோர் கைக்கும் அது போகிறது. டிரேஸை சிஐ சேமிப்பிலேயே வைத்துவிட்டு, அதற்கான இணைப்பு முகவரியை மட்டும் கருத்துரையில் போடுவதே என் வழக்கம்.

இதையெல்லாம் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். தனி ப்ராஜெக்ட் ஒன்றில் ஐந்து டெஸ்ட் எழுதுங்கள். ஒன்று பாஸ், ஒன்று ஃபெயில், ஒன்று ஸ்கிப், ஒன்று செட்டப்பிலேயே உடைவது, ஒன்று இரண்டாம் முயற்சியில் தேறுவது. ஓட்டுங்கள், பதிவேற்றுங்கள், பிறகு டெஸ்ட் எழுதாத ஒருவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, ஐந்துக்கும் என்ன ஆனது என்று கேளுங்கள்.