மூன்று உறைக்குள் ஒரு செய்தி: வெங்காய வழியமைப்புக்கு ஒரு முன்மாதிரி

செய்தியைப் பல மறையாக்க உறைகளுக்குள் இட்டு, வழியில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஓர் உறையை மட்டும் உரித்து அடுத்ததற்கு அனுப்பும் முறையே வெங்காய வழியமைப்பு (onion routing). பலதுறைத் தொழிற்கல்லூரித் திட்டப்பணிக்காக இதைச் செய்துபார்க்க விரும்புவோர் எடுத்த எடுப்பில் மேகக் கணினிகளை வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. ஒரே மடிக்கணினியில் 9001, 9002, 9003 ஆகிய போர்ட்டுகளில் (கணினியின் இணைப்பு வாசல்களில்) மூன்று பைத்தான் நிரல்களை ஓடவிட்டால் போதும். ஒவ்வொரு நிரலும் ஒரு கணு, அதாவது செய்தியை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் நிலையம். பிறர் கட்டமைப்பில் அனுமதியின்றிச் சோதிப்பது, கணினிகளைத் தவறாகப் பயன்படுத்துவது குறித்த சிங்கப்பூரின் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான இம்முறையின் நோக்கம், அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்ற இரண்டும் எந்த ஒரு கணுவுக்கும் சேர்ந்து தெரியாமல் பார்த்துக்கொள்வதாகும். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சாவி இணையை (யாரும் பூட்டப் பயன்படுத்தக்கூடிய பொதுச்சாவி, அக்கணு மட்டுமே திறக்க வைத்திருக்கும் தனிச்சாவி) உருவாக்கிய பின், செய்தியுடன் பெறுபவரின் முகவரியைச் சேர்த்துக் கடைசிக் கணுவின் பொதுச்சாவியால் முதலில் பூட்டி, அதனுடன் அக்கணுவின் முகவரியைச் சேர்த்து நடுக்கணுவின் சாவியால் பூட்டி, இறுதியாக நடுக்கணுவின் முகவரியைச் சேர்த்து முதல் கணுவின் சாவியால் பூட்ட வேண்டும். மறையாக்கத்தை நீங்களே எழுத முனையாதீர்கள். லிப்சோடியம் என்ற மறையாக்க நிரலகத்தின் 'சீல்டு பாக்ஸ்' (பொதுச்சாவியால் பூட்டும் பெட்டி) இதற்குப் போதுமானது.

கவனம் தேவைப்படுவது அளவில்தான். அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் 48 பைட்டுகளைக் கூட்டும். முகவரிக்கும் போர்ட் எண்ணுக்கும் 6 பைட்டுகள் வேண்டும். ஆகவே 200 பைட்டுச் செய்தி 362 பைட்டுகளாகப் புறப்பட்டு, 308, 254 என்று ஒவ்வொரு கணுவிலும் 54 பைட்டுகள் இளைத்துக்கொண்டே போகும். உள்ளடக்கத்தைப் படிக்க முடியாவிட்டாலும், செய்தி பாதையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை வயர்ஷார்க்கில் (கட்டமைப்பில் போகும் தரவைக் காட்டும் மென்பொருளில்) பார்ப்பவர் இந்த இளைப்பை வைத்தே சொல்லிவிடுவார். எல்லாப் பொட்டலங்களையும் 1024 பைட்டுகளாக நிர்ணயித்து, உரித்ததால் குறைந்த இடத்தைத் தற்போக்கு பைட்டுகளால் நிரப்புங்கள். உண்மை நீளத்தைக் குறிக்கும் இரண்டு பைட்டுகள் வெளியே தெரியாதிருக்க, கணுக்களுக்கு இடையிலான இணைப்பை டிஎல்எஸ் (TLS) என்ற இணைப்பு மறையாக்க நெறிமுறை கொண்டு மூடுங்கள். கணுவுக்கு அந்த நீளம் தெரியத்தான் செய்யும். முதல் முன்மாதிரிக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்க குறையே. தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி (TCP) பொட்டலத்தைத் துண்டு துண்டாகவும் தரக்கூடும் என்பதால், 1024 பைட்டுகளும் வந்து சேரும்வரை சுழற்சியில் படியுங்கள்.

அளவை மறைத்தாலும், செய்தி கணுவுக்குள் நுழைந்து வெளியேறும் நேரம் காட்டிக்கொடுக்கும். செய்திகளைச் சேர்த்துவைத்து, வரிசையைக் கலைத்து அனுப்பும் வழியை மறையாக்க ஆய்வாளர் டேவிட் சாவ்ம் 1981லேயே முன்வைத்தார். வெங்காய வழியமைப்பில் இயங்கும் டோர் (Tor) வலையமைப்பு தாமதத்தைத் தவிர்க்க விரும்புவதால் அதைக் கையாளவில்லை. உங்கள் நடுக்கணுவைப் பத்துச் செய்திகள் சேர்ந்த பிறகே அனுப்புமாறு மாற்றி, தாமதம் எவ்வளவு கூடுகிறது என்று அளந்த பின், எந்தப் பக்கம் போவதென்று முடிவுசெய்யுங்கள்.